சத்தமில்லாத பூதம்

ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டபோது ஜோலீனை யாரும் பார்க்கவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். மேலே, பீடத்துக்கு முன்னால், அவள் அப்பா ரெய்னோ சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஆராதனை முடிந்துவிட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில் இடுப்பளவு பனி. பனி தள்ளும் லாரி வந்து வழி செய்தால்தான் பெட்டி நகரும். அங்கே போனாலும் ஜனவரியில் யாரையும் புதைக்க முடியாது, மண் இரும்பாக இறுகிக் கிடக்கும். கல் கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மே மாதம் மண் இளகிய பிறகுதான் குழி வெட்டுவார்கள். இந்த ஊரில் செத்தவனும் தன் முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் படம் போடலாம் என்று கிளப்பிவிட்டது சித்தப்பா வெய்க்கோ.

"அண்ணன் நடிச்ச ஒரே படம். இன்னிக்குப் போடாம எப்பப் போடறது?"

"வேணாம் சித்தப்பா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. அவன் என்ன சிரிப்புக்குப் பயந்தவனா?"

சிரிப்புக்குப் பயந்தவள் ஜோலீன்தான். சிரிப்பைவிட, அந்த அலறலுக்கு.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது சிகாகோவிலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். ஏரியிலிருந்து எழுந்து வரும் பூதம் ஊரை அழிக்கும் கதை. அக்டோபர் மாதத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பூத வேஷம் போட வந்தவன் அன்றே பஸ் ஏறிவிட்டான். காகித மில்லில் வேலை பார்த்த ரெய்னோ ஆறரை அடி உயரம். ரப்பரும் தாரும் பூசி, மில்லில் கழித்துப்போட்ட கம்பளிப் பட்டையை ஒட்டி, அவரை அதற்குள் தள்ளினார்கள். பூதம் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது. யாரும் பிள்ளையைத் தரவில்லை. அவர் ஜோலீனைக் கொடுத்தார்.

படம் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை போட்டபோது, கடைசிக் காட்சியில் அவள் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். காதைப் பொத்தக் கை மிச்சமில்லை. படத்திலிருந்து அவள் அலறல் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரைக்கும் பூதத்தோட மகள் என்றுதான் பெயர். பெற்ற பிள்ளை அப்படி அலறும்போது ஒரு மனுஷன் எப்படி நடித்துக்கொண்டே போவான் என்று அவள் ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை. கேட்காமலே பதிலை முடிவு செய்து வைத்திருந்தாள்.

போன வாரம், மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார். "அந்தப் படத்தப் போடேன். ரெண்டு பேரும் பாக்கலாம்."

"அப்புறம் பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போர்வையைச் சரி செய்தாள்.

இப்போது அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்களைக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். தேவாலயத்துச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் ஹெல்வியம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். சாவு வீட்டுக்காரர்கள் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அந்த அம்மாளின் சட்டம்.

"ஏண்டி, உனக்கு இங்க என்ன வேலை? போய் உக்காரு."

"சும்மா இருக்க முடியல ஹெல்வியம்மா."

"என் வீட்டுக்காரர் போனப்ப நானுந்தான் உக்காந்திருந்தேன். முள்ளு மேல உக்காந்த மாதிரிதான் இருக்கும். உக்காரு." ஏலக்காய் ரொட்டி ஒரு துண்டைக் கையில் திணித்து வெளியே தள்ளிவிட்டாள்.

கூடத்தில் விளக்கு அணைந்தது. சுவரில் விழுந்த படத்தில் மரங்கள் ஆடின. சத்தம் வரவில்லை.

"வயரு எங்கடா போச்சு?" வெய்க்கோ மேசைக்கடியில் தவழ்ந்தார்.

"விடு வெய்க்கோ. உறுமலுக்கு நான் இருக்கேன்" என்றார் மில்லில் ரெய்னோவோடு வேலை பார்த்த ஆர்வோ. சொன்னபடியே உறுமினார். பூதம் மரங்களுக்கிடையிலிருந்து வந்தது. "ரெய்னோ, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. ஜோலீன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள். எழுந்து போனாள், கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள், மறுபடி எழுந்தாள். சன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தாள். லாரியைக் காணோம்.

அவள் திரும்பியபோது கடைசிக் காட்சி வந்துவிட்டிருந்தது.

பூதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியது. கண்ணைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள். ஆனால் கண்ணைப் பொத்த வைக்கும் அந்த அலறல் வரவில்லை. ஆர்வோகூட உறுமுவதை நிறுத்தியிருந்தார்.

தண்ணீர் பூதத்தின் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. ஏற ஏற, பூதம் குழந்தையை மேலே மேலே தூக்கியது. குழந்தையின் சிவப்புக் காலணி நனையவில்லை. அதன் வாய் மூடியிருந்தது. ஒரு கையால் பூதத்தின் கொம்பைப் பிடித்திருந்தது. பிறகு குனிந்து, பூதத்தின் கழுத்தோரம் வாயை வைத்து ஏதோ சொன்னது. பூதம் இடது பக்கம் திரும்பியது. மறுபடி ஏதோ சொன்னது. பூதம் நின்று, காலால் துழாவி, மெதுவாக அடி வைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஜோலீன் வெய்க்கோவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சித்தப்பா, நான் கத்தலையா?"

"நீயா? நீ எங்க கத்தின? கத்தினது சிகாகோவுல எவளோ ஒருத்தி. அப்புறமாச் சேத்துக்கிட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"அது என்ன பேசுது? அந்தப் பிள்ள."

"வழி சொல்லுது. அந்த வேஷத்துக்குள்ள இருந்தா ஒரு மண்ணும் தெரியாதும்மா. பாக்கறதுக்குக் கழுத்துல ரெண்டு ஓட்டை, அதுவும் தண்ணி பட்டா மூடிக்கும். கீழ பூராப் பாறை. ஏத்தன எடத்துலேருந்து எறக்கற வரைக்கும் நீதான் அவனுக்குக் கண்ணு. உன்னத் தண்ணிக்குள்ள முக்கணும்னு டைரக்டரு கரையிலேருந்து தொண்ட கிழியக் கத்தினான். இவன் காது கேக்காத மாதிரி போய்க்கிட்டே இருந்தான். அதனாலதான் முடிவு சப்புனு போச்சுன்னு சொல்லுவாங்க."

"அப்பா இதச் சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா?"

அவள் சுவர் பக்கம் திரும்பினாள். சுவரில் பெயர்கள் ஓடின. அப்பாவின் பெயர் தப்பான எழுத்தில் வந்து போனது. அவள் பெயர் வரவேயில்லை.

வெளியே லாரியின் சத்தம் கேட்டது. ஆண்கள் கோட்டை மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். கதவோரம் வெய்க்கோ நின்றார். ஜோலீனின் கோட்டுப் பையிலிருந்து கறுப்பு வயரின் நுனி வெளியே தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பையைத் தட்டி, நுனியை உள்ளே தள்ளிவிட்டுப் பெட்டியின் முன் கைப்பிடியைப் பிடிக்கப் போனார்.

வாசலில் காற்று பனியை முகத்தில் அறைந்தது. தூக்குகிறவர்களில் பாதிப் பேர் கிழவர்கள், கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் ஆர்வோ. "படி எங்கப்பா இருக்கு?"

ஜோலீன் பெட்டியின் தலைமாட்டுக்கு வந்தாள். மூடியின் மேல் ஒரு கையை வைத்தாள். குனிந்து, மரத்தோரம் வாயை வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"இங்க ஒரு படி. இப்ப இன்னொண்ணு. இடது பக்கம் வாங்க, வலது பக்கம் வழுக்கும்."

பெட்டி இடது பக்கம் திரும்பியது.