பத்துக் கட்டளையும் ஒரு ஆமாவும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திருடிய கதை. முட்டிவலிக்காக மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பக்கவாதம் வந்த ஒருவர்.

"பேர் என்ன சார்?" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்.

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆமா."

அவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தானாம். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மற்றதெல்லாம் கற்பனை. எனக்குக் கதை காட்சியாக வராது, பேச்சாகத்தான் காதில் விழும்.

2

ஆலயத்தின் பின்னறையில் மின்விசிறி கிறீச்சிட, ஜன்னல் வழியே மஞ்சள் வெயில்... [அடித்துவிட்டேன். வெயில் யாருக்கு வேண்டும்?]

என் கதையில் அவர் வயர்மேன். இருபது வருடம் மனைவியை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தவர். போன வருடம் தானாக உள்ளே வந்து ஞானஸ்நானம் பெற்றார். "திருவிருந்துல உங்களுக்கு இடம் இருக்கு" என்று போதகர் சபை முன்னால் வாக்குக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் கமிட்டி விதி போட்டது: பத்துக் கட்டளையையும் ஒப்பித்தவருக்கே திருவிருந்து அப்பம். அதற்கும் அப்புறம் பக்கவாதம்.

ஒப்பிக்கச் சொல்கிறவர் சபைச் செயலர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயர்மேன் மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, களவு செய்யலாமா?"

"ஆமா."

"கொலை?"

"ஆமா."

"தள்ளி உக்காருங்கண்ணே," என்றாள் மனைவி.

"விளையாடாதே. எல்லாத்துக்கும் ஆமாங்கிறவரோட ஆமா எப்படிம்மா விசுவாசமாகும்?"

"ஞாயித்துக்கிழமை நான் கண் முழிக்கிறதுக்குள்ள ஒத்தக் கையால சட்டையைப் போட்டுட்டு வாசல்ல உக்காந்திருக்காரு. அதுக்கு என்னண்ணே பேரு?"

3

செயலரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் என்னிடமே சண்டைக்கு வருகிறார்.

"எழுதற அம்மா, விதி இல்லன்னா யார் வேணா கை நீட்டுவாங்களே?"

நீட்டட்டுமே! ஆபிரகாமுக்குக் கடவுளின் வாக்குக் கிடைத்து நானூற்று முப்பது வருடம் கழித்துத்தான் பத்துக் கட்டளை எழுதிய கற்பலகைகள் வந்தன. அந்தக் கிழவர் எதை ஒப்பித்தார்? நம்பினார், அவ்வளவுதான். பின்னால் வந்த சட்டம் முன்னால் கொடுத்த வாக்கை ரத்து செய்யாது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் நடை எங்கே கோணுகிறது என்று காட்டுவது அதுதான். காட்டும். ஊட்டாது.

(செயலர் பாவம். விதி வரும் முன்பிருந்தே, ஐம்பது வருடமாக ஒப்பித்து ஒப்பித்தே அந்தப் பந்திக்கு வந்தவர். அது தேவையே இல்லை என்றால், இத்தனை நாள் தனக்கு யார் இடம் கொடுத்தார்கள் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.)

4

முடிவு ஒன்று: வயர்மேன் வாய் திறக்கிறார், பத்தும் கடகடவென்று... முடியாது. அப்படி எழுதினால் ஜெயிப்பது விதிதான்.

முடிவு இரண்டு: செயலர் அழுதுகொண்டே மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து... ஐயோ, வேண்டாம்.

5

ஞாயிறு. பீடத்தின் முன் வயர்மேன், மரத்துப்போன வலக் கையை இடக் கையால் தாங்கி ஏந்தியிருக்கிறார். போதகர் அப்பத் தட்டோடு வருகிறார். "ஒப்பிக்கல," என்று காதோரம் சொல்கிறார் செயலர். போதகர் நின்றுவிட்டார்.

மேலே எழுத மாட்டேன். தட்டை உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். உங்களுக்குப் பத்தும் ஒப்பிக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை பாருங்கள்.

"இது உங்களுக்காக" என்று அவரிடம் சொல்லுங்கள். என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். கொடுப்பீர்களா?