பிரேக்கில் இருந்த கால்

அக்காவின் கார் மறுபடியும் தம்பியின் ஷெட்டுக்கு வந்து நின்றது. அவளைவிடக் கொஞ்சம்தான் வயதில் சின்னது அந்த வண்டி. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்னலில் நின்றால் போதும், இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு உயிரை விட்டுவிடும்.

பழைய வண்டியா, அவனிடம் கொண்டுபோ என்று ஊரே தம்பியைக் கைகாட்டும். அவனும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிளக் மாற்றினான், நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் ஐடிலிங் ஸ்குரூவைத் திருகித் திருகிப் பார்த்தான். ஷெட்டில் பானெட்டைத் திறந்துபோட்டு ஓடவிட்டால் வண்டி சமர்த்தாக ஓடியது. ரோட்டுக்கு எடுத்துப்போனாலும் அவனிடம் ஒரு சிக்னலிலும் அணையவில்லை. அப்புறம் என்ன, பழி முழுக்க அக்கா தலையில் விழுந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறதுலதான் கோளாறு" என்று அக்கா மகளிடம் போனில் உளறிவைத்தான்.

நாக்கை அடக்கியிருக்கலாம். அம்மா நாற்சந்தி நடுவே மாட்டிக்கொண்டு, பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிட்ட கதையைக் கேட்டு ஏற்கெனவே அரண்டுபோயிருந்த பெண் அவள். உடனே வண்டியை வாங்க ஓர் ஆளையே பிடித்துவிட்டாள். இன்று சாயங்காலம் அவன் வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறான். வீட்டுக்காரர் போனபிறகு, யார் தயவும் இல்லாமல் நினைத்த இடத்துக்குப் போய்வர அக்காவுக்கு இருந்தது இந்த வண்டி ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை என்கூட உக்காந்து வாடா" என்றாள் அக்கா. "என் மேலதான் தப்புன்னா அதைக் கண்ணால பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் வித்துட்டுப் போங்க."

அடப்பாவி, இத்தனை நாளும் இது அவனுக்குத் தோன்றவே இல்லையே! ஏறி உட்கார்ந்தான்.

முதல் சிக்னலிலேயே என்ஜின் தடுமாறி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன். "பாத்தியா?" என்றாள் அக்கா, அழாத குறையாக. அவன் பார்த்தது அவள் காலை. பிரேக்கில் பசை போட்டு ஒட்டியமாதிரி இருந்தது.

"ஹேண்ட்பிரேக் போட வேண்டியதுதானே?"

"முதல்ல கிளப்ப விடுடா, பின்னாடி கத்துறான்."

அவனுக்குச் சிக்னலில் நின்றதும் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போய்விடும். காலை எடுத்துவிடுவான். ஷெட்டிலோ சீட்டில் யாருமே உட்காருவதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு அந்த என்ஜினை அவன் ஒருநாளும் ஓடவிட்டுப் பார்த்ததில்லை. அட மக்கு!

திரும்பி வந்ததும் என்ஜினை ஓடவிட்டே பானெட்டைத் திறந்தான். "பிரேக்கை மிதிக்கா." என்ஜின் அணைந்தது. மறுபடி கிளப்பச் சொல்லி, என்ஜினிலிருந்து, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் குறடால் இறுக்கி நெரித்தான். "இப்ப மிதி." என்ஜின் அசையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பூஸ்டருக்குள் ரப்பர் கிழிந்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியாக வேண்டாத காற்று என்ஜினுக்குள் போய் மூச்சை அடைத்திருக்கிறது. பாவம், கார்புரேட்டரைப் போட்டு அத்தனை தடவை குளிப்பாட்டியது தண்டம்.

அழுக்குக் கையோடு அக்கா மகளுக்குப் போன் போட்டான். "நான் சொன்னது தப்பும்மா. கோளாறு வண்டியிலதான், பூஸ்டரை மாத்தினாப் போதும். உங்கம்மா நல்லா ஓட்டுறா. வர்ற ஆளை வேணாம்னு சொல்லிடு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஆனா நீ ஹேண்ட்பிரேக் போட்டிருந்தா இந்தக் கூத்தே இல்லக்கா."

அக்கா மணிக்கட்டைத் தடவினாள். "பாத்ரூம்ல விழுந்து ஒடிஞ்சுதே, அதுலேருந்து அந்தக் கம்பியை இழுக்க முடியலடா."

"அட, இத எங்கிட்ட சொல்ல என்ன?"

"சொன்னா, கையும் போச்சு, வண்டிய விட்டுடுன்னு சொல்லியிருப்பியே. அதான்."

அதையேதான் சொல்லியிருப்பான், ஒரு எழுத்து பிசகாமல். எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு, துருவேறி இறுகிக்கிடந்த ஹேண்ட்பிரேக் கேபிளைத் தேடி வண்டிக்கடியில் நுழைந்தான்.

"தலையை இடிச்சுக்காதடா" என்றாள் அக்கா.