கல் வீட்டுக்கு வைஃபை வந்தது

மெர்வின் ட்ரெலோர் வீட்டில் நீலக் கம்பி போகாத அறை கிடையாது. முன்னறை, சமையலறை, படுக்கையறை, துணி துவைக்கும் சந்து என்று எங்கே பார்த்தாலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வெள்ளைச் சாக்கெட் இருக்கும். இணையம் எங்கள் பழைய சுரங்க ஊரான மூண்டாவுக்கு வந்த புதிதில், தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த கையால், கூரைக்குள் தவழ்ந்து தவழ்ந்து அவரே இழுத்த கம்பிகள். பிறகு ஊரில் எல்லா வீட்டுக்கும் வைஃபை வந்தது. அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இணைய நிறுவனம் அனுப்பிய பெட்டியில் அந்த வசதி இருந்தது. வந்த அன்றே அதை அணைத்துவிட்டார்.

நான் அடுத்த வீட்டுக்காரி, ஜோஸ்லின். முப்பத்தொரு வருஷமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். ஆகவே காரணம் எனக்குத் தெரியும்.

மெர்வின் தம்பதிக்கு டாம்சின் என்று ஒரு மகள் இருந்தாள். பதினொரு வயதில் தலைக்குள் கட்டி வந்தது. பதினான்கு மாதம் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். நோய் தெரிவதற்கு முந்தைய பிறந்தநாளுக்குத்தான் வீட்டுக்குக் கம்பியில்லாத் தொலைபேசி வந்திருந்தது. அதைக் காதில் இடுக்கிக்கொண்டு தோழிகளோடு மணிக்கணக்காகப் பேசியபடி அவள் கொல்லையில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அடிலெய்ட் மருத்துவர்கள் சொன்னார்கள். மெர்வின் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், வீட்டுக்கு வந்து அந்தத் தொலைபேசியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். மறுவாரம், அலை வீசும் எதுவும் இனி வீட்டில் வேண்டாம் என்று மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து, "உனக்கு வேணுமா, ஜோஸ்?" என்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல அது நேரமில்லை.

அவருடைய மனைவி கிளெனிஸ் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. "அந்த மனுஷனுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேணும் ஜோஸ். இழுத்துட்டுப் போகட்டும்" என்றாள். இழுத்தார். யாருமில்லாத டாம்சின் அறைக்கும் ஒரு கம்பி இழுத்தார். அங்கே எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லா ரூமுக்கும் போட்டாச்சு, இதை மட்டும் விடுவானேன்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டார்.

போன ஏப்ரலில் கிளெனிஸ் சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து, நான்கு கால் வாக்கரோடு வீடு வந்தாள். கணினி இருந்த முன்னறை நாற்காலியில் பத்து நிமிஷம்கூட அவளால் உட்கார முடியவில்லை. வெயில் விழும் பின்வராந்தாவில், சாய்வு நாற்காலியில்தான் பகல் முழுக்க இருப்பாள். ஜூனில், மேற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கராத்தா துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் ரீஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாட்டி முகம் பார்த்துப் பேசட்டும் என்று அவன் ஒரு டேப்லெட் அனுப்பினான். அதில் கம்பி செருக ஓட்டை இல்லை. மூன்று வாரம் பெட்டி பிரிக்கப்படாமல் ரொட்டி டப்பா மேல் கிடந்தது.

ரீஸ் அனுப்பிய புகைப்படங்களை மெர்வின் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தால், கிளெனிஸ் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு சிறிய இணைப்பான் வரவழைத்தார். அதன் ஒரு முனை டேப்லெட்டில், மறுமுனையில் நீலக் கம்பி. சமையலறைச் சாக்கெட்டிலிருந்து வராந்தாவரை பன்னிரண்டு மீட்டர் கம்பியைத் தரையில் ஓட்டினார்.

"பாத்தியா? வைஃபையும் வேணாம், கியிஃபையும் வேணாம்."

"நாய்க்குச் சங்கிலி போட்ட மாதிரி இருக்கு மெர்வ்" என்று கிளெனிஸ் சிரித்தாள். ஆனால் அன்றைக்குப் பேத்தியைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, தூங்குவதையே இருபது நிமிஷம் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் காலை நான் இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனபோது, பின்கதவருகில் வாக்கர் கவிழ்ந்து கிடந்தது. கிளெனிஸ் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாக்கரின் முன்சக்கரத்தில் நீலக் கம்பி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. பக்கத்தில் மெர்வின் மண்டியிட்டு, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் ஆகலப்பா. மெதுவாத்தான் சறுக்கினேன், பஞ்சு மூட்டை மாதிரி" என்றாள் அவள். "ஜோஸ், நீயாவது சொல்லு. இவன் என் காலை விடமாட்டேங்குறான்."

மாவட்ட நர்ஸ் வந்து பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, சிராய்ப்புதான் என்றாள். போகும்போது கம்பியைக் காலால் ஒதுக்கிக் காட்டி, "இது இனிமே இங்க கிடக்கக் கூடாதுங்க" என்றாள். மெர்வின் பள்ளிப் பையன் மாதிரி, "சரிங்க" என்றார்.

நர்ஸ் போன பிறகு நான் கிளம்ப எழுந்தேன். கிளெனிஸ் என் முன்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மெர்வின் கம்பியை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடிந்தும் கையை நிறுத்தவில்லை.

"மெர்வ், உக்காரு."

உட்கார்ந்தார்.

"அந்த ஃபோனை வாங்கிக் குடுத்தது நான்தான் கிளென்" என்றார், அவளைப் பார்க்காமல். "நீ சைக்கிள் வாங்கலாம்னு சொன்னே. ஃபோன்தான் வேணும்னு அவ என்கிட்ட வந்து கெஞ்சினா. நான் வாங்கினேன்."

"தெரியும். நானும் அந்தக் கடையிலதானே நின்னேன்."

"நீ ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டல."

"சொல்லிக் காட்ட அதுல என்ன இருக்கு? அந்தப் பெரிய டாக்டரம்மாகிட்ட நான் மூணு தடவை தனியாப் போய்க் கேட்டேன். உனக்குத் தெரியாது. ஃபோனான்னு கேட்டேன், நான் மாசமா இருந்தப்ப ஏதாவது சாப்பிட்டேனான்னு கேட்டேன், இந்த ஊர்ப் பழைய சுரங்கத்துத் தூசியான்னு கேட்டேன். மூணு தடவையும் ஒரே பதில்தான். யாரும் செஞ்சதில்ல, வந்துச்சு. அவ்வளவுதான்."

மெர்வின் நிமிர்ந்தார். "உன்னால வந்துச்சுன்னா நீ நினைச்சே?"

"பின்ன? நீ மட்டும்தான் அப்பனா?"

அந்தப் பேச்சை அவர்கள் இருபத்துநான்கு வருஷமாகப் பேசியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெர்வின் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேஸ்டியைச் சூடாக்கும் சாக்கில் உள்ளே போனேன். இந்த வீட்டில் மைக்ரோவேவ் இல்லை என்பது சமையலறையில் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது; அடுப்பைப் பற்ற வைத்தேன். அது சூடாகிற வரை நின்றேன், நல்லதாகப் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை, மெர்வின் வேலியோரம் வந்தார்.

"உனக்கு நேரமிருக்கா, ஜோஸ்? இந்தச் சிக்னல் எவ்வளவு தூரம் வருதுன்னு பாக்கணும். நான் முன்னறையில நிக்கிறேன், நீ டேப்லெட்டைத் தூக்கிட்டு நடக்கணும்."

முன்னறைப் பெட்டியில் அணைத்து வைத்திருந்த வைஃபையை அவரே உயிர்ப்பித்தார். வீட்டு நடையில் நான்கு கோடு காட்டியது. சமையலறை வாசலில் இரண்டு. வராந்தாவில் ஒன்றுமே இல்லை.

"அரை மீட்டர் கனத்துக்குக் கல்லு" என்றார், சுவரைத் தட்டியபடி. "சுரங்கத்துல வெடி வச்சவனுங்க கட்டின வீடு. இதுக்குள்ள ரெண்டு சுவரைத் தாண்டி எதுவும் வராது. வராந்தாகிட்ட இருக்கிற சாக்கெட்டுல தனியா ஒரு வைஃபை பெட்டியை மாட்டினாத்தான் உண்டு. கம்பி அதுவரைக்கும் கொண்டுபோகும், அதுக்கப்புறம் காத்துல போகட்டும்."

வராந்தாவை ஒட்டி இருந்தது ஒரே ஒரு அறை. ஒரே ஒரு ஜன்னல். டாம்சினுடைய அறை.

அந்த அறையை அவர்கள் கோயிலாக வைத்திருக்கவில்லை. இஸ்திரிப் பலகையும், ஏப்ரிகாட் ஜாம் பாட்டில்களும், கிளெனிஸின் தையல் இயந்திரமும் அங்கேதான். ஆனால் அலமாரிக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டில் இதுவரை எதுவும் செருகப்பட்டதில்லை. நானும் அவருமாக அலமாரியை நகர்த்தினோம். சாக்கெட்டின் வாயில் சுண்ணாம்பு உதிர்ந்து அடைத்திருந்தது. மெர்வின் தரையில் உட்கார்ந்து, பெயிண்ட் தூரிகையால் அதை மெல்லத் துடைத்தார். ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. ரொம்ப நேரம் துடைத்தார். நான் ஜாம் பாட்டில்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"உயிரோட இருக்கு" என்றார்.

டேப்லெட்டோடு சேர்த்தே ரீஸ் அனுப்பி வைத்திருந்த வெள்ளை வைஃபை பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துக் கம்பியைச் செருகினார். அவ்வளவுதான், வீடு முழுக்க இணையம் நின்றது. முன்னறைக் கணினி செத்தது, தொலைக்காட்சி சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா, கல்லைத் தாண்டிப் போயிடுச்சா உன் வைஃபை?" என்று வராந்தாவிலிருந்து கிளெனிஸ் குரல் கொடுத்தாள்.

மெர்வின் தலையைச் சொறிந்துகொண்டு கால் மணி நேரம் அங்குமிங்கும் நடந்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்த முட்டாள் நான்! முன்னறைப் பெட்டிதான் இந்த வீட்டுல எல்லா மெஷினுக்கும் நம்பர் குடுக்குது. இந்தப் புதுசும் தான்தான் எஜமான்னு நினைச்சு வேற நம்பரைக் குடுக்குது. ஒரு வீட்டுல ரெண்டு எஜமான் இருந்தா?"

"இங்க எப்பவும் ஒரு எஜமானிதான்" என்றாள் கிளெனிஸ்.

புதுப் பெட்டியில் அந்த எண் கொடுக்கிற வேலையை அணைத்தார். இணையம் திரும்பி வந்தது. முன்னறை வைஃபையை மறுபடி அணைத்தார். வராந்தாவுக்கு இது போதும் என்றார். கடைசியாக வைஃபைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். டாம்சின் பெயரைத்தான் வைப்பாரோ என்று நினைத்தேன். மெர்வின் ஜன்னலைத் திறந்து, "என்ன பேர் வைக்கட்டும், கிளென்?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். அவள் கண்ணும் ஒரு கணம் அந்த அறைக்குள் போய் வந்தது.

"'மெர்வ் கை வைக்காதே'ன்னு வை" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பியில் இருந்த மேக்பை பறவை எழுந்து பறந்தது. அப்படியே அந்தப் பெயரைத் தட்டினார். டேப்லெட்டில் கோடுகள் ஒவ்வொன்றாக நிரம்பின. ரீஸ் திரையில் வந்தான், தோளில் குழந்தையோடு. இந்த முறை அது விழித்திருந்தது. கிளெனிஸ் வாக்கரைப் பிடித்து எழுந்தாள். மெர்வின் டேப்லெட்டைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளோடு அடிமேல் அடிவைத்து நடந்தார். தக்காளிப் பாத்தி, கோழிக்கூண்டு, துணிக்கொடி என்று ஒவ்வொன்றாகக் குழந்தைக்குக் காட்டினார்கள். எந்தக் கம்பியும் பின்னால் வரவில்லை.

முதல் சில வாரம் பேச்சு முடிந்ததும் அவர் போய் அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவார். கிளெனிஸ் தடுக்கவில்லை. "அணைச்சுக்கட்டும் ஜோஸ், போட வேண்டியப்ப அவனே போடுறான்ல" என்றாள். ஆகஸ்டில் ஒரு காலை நான் முட்டை வாங்கப் போனபோது, டாம்சின் அறை ஜன்னலில் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெர்வின் உள்ளே, இஸ்திரிப் பலகையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்காலில் டேப்லெட்டை வைத்துக்கொண்டிருந்தார். திரையில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"கிளென் தூங்குறா. சத்தம் போடாதே" என்று கிசுகிசுத்தார். "இந்தக் கழுதை அங்க விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுடுது. அதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல."

முட்டைகளை நானே கூண்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.