முளைப்பாரிக்குத் தண்ணீர்

முத்துப்பேச்சி மாத்திரைப் பொட்டலத்தை எஸ்டேட் ஆஸ்பத்திரி மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

"இது வேண்டாம் நர்சம்மா. தீட்டு நின்னு ரெண்டு வருசமாச்சு. இப்ப மறுபடி தூரம் வந்திருச்சு."

நர்ஸ் அன்னாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "மூணு வாரம் தின்னுட்டு ஒரு வாரம் நிறுத்தச் சொன்னேன்ல? நிறுத்துனீகளா?"

"நிறுத்துனேன். அந்த வாரந்தான் வந்துச்சு."

"அப்படித்தாங்க்கா வரும்."

அன்னாள் மேசைமேல் விரலால் கருப்பையை வரைந்தாள். பெண்ணுடம்பில் ஊறும் ஒரு சுரப்புதான் அதன் உட்புறத்தில் மெத்தைபோல் ஒரு படலத்தை வளர்க்கிறது. சுரப்பு குறைந்ததும் படலம் உதிர்கிறது. வயதாகிச் சுரப்பு வற்றினால் உதிரவும் ஒன்றுமில்லை. உடம்பு திடீரென்று கொதிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மாத்திரை அந்தச் சுரப்பை வெளியிலிருந்து கொடுக்கிறது. நிறுத்தினால், அது வளர்த்த படலமும் உதிரும்.

முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. புரிந்ததால் பதற்றம் குறையவில்லை. மாத்திரைக்கு முன்பு, கொழுந்து பறிக்கும் சரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "மகாராணிக்கு நாற்காலி போடவா?" என்பார் கங்காணி சங்கையா. இப்போது மூச்சு வாங்காமல் ஏறுகிறாள்.

"இது தீட்டு இல்லக்கா. மாத்திரையோட வேலை."

"மாரியாத்தாகிட்ட யாரு சொல்லுவா? நீங்க வந்து சொல்லுதீகளா?"

"நான் வேதக்காரி, கோயிலுக்கில்ல, சர்ச்சுக்குப் போறவ. என் பேச்சை அவ கேப்பாளா?" என்று சிரித்த அன்னாள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்காக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் முளைப்பாரி வளர்கிறது. எருவும் மண்ணும் நிரப்பிய சட்டிகளில் தானியம் விதைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். வெளிச்சம் தேடியே முளைகள் வெளுத்து உயரமாக வளரும். மாதவிலக்கு நின்ற பெண்தான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கலாம். எத்தனையோ வருடம் வாசலுக்கு வெளியே நின்று குலவையிட்டவளுக்கு இந்த வருடம்தான் காப்புக் கட்டினார்கள். இன்று காலை தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் உதிரத்தைக் கண்டாள். சொன்னால் எல்லாச் சட்டியையும் ஆற்றில் கொட்டுவார்கள். மறுபடி விதைத்து வளர்க்க நாளில்லை. கொடை நின்றது அவளால் என்றாகும்.

"மாத்திரைய விட்டுட்டா?"

"பழையபடி நெஞ்சு அடிக்கும். அந்தச் சுரப்பு பொம்பளை நெஞ்சுக்கே காவல்னு டாக்டர் நினைக்காரு. நெசமான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது."

முத்துப்பேச்சி பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் அறை வாசலில் நாச்சம்மாள் குடத்தோடு காத்திருந்தாள். வயதில் சின்னவள், வாசல்வரைதான் அவளுக்கு அனுமதி.

"எனக்கு எப்ப நிக்குமோ மதினி, உங்கள மாதிரி உள்ள போக. ம், போங்க. வாடிரப் போகுது."

முத்துப்பேச்சி கதவைத் திறந்தாள். வெளுத்த முளைகள் இருட்டில் நெருக்கமாக நின்றன. அவள் வாசற்படிக்கு இப்பால் நின்றபடியே குடத்தில் கைவிட்டு, உடம்பை எட்டுமட்டும் முன்னால் வளைத்து, தண்ணீரை வீசித் தெளித்தாள். முன்வரிசைச் சட்டிகள் நனைந்தன.

"என்ன மதினி, அங்கேயே நின்னுட்டீக?"

அவள் மறுபடியும் கையை நனைத்து, இன்னும் பலமாக வீசினாள். துளிகள் நடுத்தரையில் விழுந்து சிதறின. சுவரோரச் சட்டிகளில் மண் வெளுத்துக் கிடந்தது.