என்ன உறவு என்று கேட்டார்கள்

"இறந்துபோனவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று மனித உரிமை ஆணையத்தின் விசாரணை அறையில் எழுத்தர் கேட்டார்.

"உறவெல்லாம் இல்ல சார். அவர் வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. என் வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பாவம், ஒரு வாரமாக என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தார். கணக்கு வாத்தியாருக்கு ஒரே ஒரு கேள்வி, அதற்கும் தப்பான பதில். இருபத்திரண்டு வருடமாகப் பழகிய நாக்கு அது. பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், காலமாகிவிட்ட அவனுடைய அக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லியிருந்தது. சேர்ந்து நின்று ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை நாங்கள். அவ்வளவு சாமர்த்தியம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவன் பஸ் டிரைவர். மார்வலி வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் அவனுக்கு நினைவு தப்பியதும், வெட்கத்தை விட்டு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. "அதெல்லாம் குடும்பத்துல சேராது சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மூன்றாம் நாள் அவன் தனியாகச் செத்துப்போனான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியிடம் யாரும் கல்யாணச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆணுக்கு ஆண் துணை என்றதும் கதவைச் சாத்தியது பாகுபாடு, மனித உரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்பது எங்கள் வழக்கு. நஷ்டஈடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் அவன் குடும்பம்தான் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

மருத்துவமனையின் வக்கீல் ஒரு தாளை எடுத்தார். நர்ஸ் எழுதிய குறிப்பு.

"முதல் நாள் அவருக்கு நல்லா நினைவு இருந்துச்சு. உங்களுக்குன்னு யாராவது இருக்காங்களான்னு கேட்டிருக்காங்க. யாரும் இல்லன்னு அவரே சொல்லியிருக்கார். சாயங்காலம் நாலு பத்துக்கு. அப்புறம் எங்க மேல என்னங்க தப்பு?"

அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும், உயிரே போனாலும் வாயைத் திறக்காதே என்று எத்தனை தடவை சத்தியம் வாங்கியிருப்பேன்! சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், பாவி. அங்கேயே, அத்தனை பேர் முன்னால், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என் வேலைக்காக அப்படிச் சொன்னான் மேடம்" என்று ஆணைய உறுப்பினரிடம் சொன்னேன். "இருபத்திரண்டு வருஷம் ஒண்ணா வாழ்ந்தோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நாலு பத்துக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவுக்கு வெளியதான் மேடம். அவன் செருப்பைக் கழட்டி எங்கிட்ட குடுத்திருந்தாங்க."

கிளட்ச் மிதித்து மிதித்து இடது செருப்பு வலதைவிடத் தேய்ந்திருந்தது. அதில் அவனுடைய கட்டைவிரல் பதிந்த பள்ளத்தில் என் விரலை வைத்துக்கொண்டு, அந்தக் கதவு திறக்கிறதா என்று பார்த்தபடி நின்றிருந்தேன்.