டிபன் கேரியருக்குப் பதில்

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் பாத்திரம். தண்டலத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, லாரிகளுக்கு வாஷர் அடிக்கிற சின்ன கம்பெனி அது. ஒரு வருஷம் குடம், மறு வருஷம் சம்படம், அதற்கடுத்த வருஷம் தூக்கு. எல்லாவற்றிலும் கம்பெனி பெயரைப் பெரிதாக வெட்டிக் கொடுப்பார்கள், நாங்கள் எங்கே கொண்டுபோய் அடகு வைத்துவிடுவோமோ என்று பயந்த மாதிரி. என் வீட்டுப் பரணில் அந்தப் பெயர் வரிசையாக மின்னும். ஆனால் புத்தகம் என்று சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. நான் படித்ததெல்லாம் நூலகத்துப் புத்தகமும் இரவல் புத்தகமும்தான். நல்ல இடம் வரும்போது யாரோ பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார்கள். நான் ரசிப்பதற்கு முன்னால் அவர்கள் ரசித்துவிட்ட எரிச்சலிலேயே பாதிக் கதை போய்விடும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேனேஜர் கோதண்டராமன் சார் கேன்டீனுக்கு வந்தார். இந்த முறை மூன்றடுக்கு டிபன் கேரியர் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சார், அதே விலைக்குப் புஸ்தகம் கொடுக்கக் கூடாதா?" என்றேன்.

கேன்டீனே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்.

"உங்க இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனுக்கு மட்டும் கொடுத்துப் பாக்கலாம், லீலா. ஆனா செக்‌ஷன்ல எல்லாரும் மனசார வாங்கிக்கணும். பூஜை அன்னிக்கு சாயங்காலம் கம்பெனி வண்டி கிளம்பற வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒருத்தர் வந்து கேரியர்தான் வேணும்னாலும் மாத்திக் கொடுத்துடுவேன். அப்புறம் புஸ்தகப் பேச்சே எடுக்கக் கூடாது. அடுத்த வருஷத்துலேர்ந்து பழையபடி பாத்திரம்தான்."

சம்மதம் என்றேன். செக்‌ஷனில் மற்றவர்களை ஒருவாறு சரிக்கட்டிவிட்டேன். கோவிந்தம்மாக்காவிடம்தான் மூச்சு வாங்கியது. வடக்குப்பட்டிலிருந்து வருகிறவள். எங்கள் எல்லாருக்கும் மூத்தவள். குழாயடியில் சண்டை என்றால் முதலில் வந்து நின்று தீர்ப்புச் சொல்வதும் அவள்தான்.

"புக்கை வெச்சிகினு இன்னா பண்றது, பொரியல் பண்றதா?" என்றாள். "எம் பொண்ணு தனிக்குடித்தனம் போயிருக்கா. மாப்பிள்ளைக்குச் சோறு கட்ட ஒரு கேரியர் இல்ல. நீ இன்னாடான்னா புக்குன்ற."

"ஒரே ஒரு தடவை பாருக்கா."

"பாக்கறேன். புடிக்கலன்னா கேரியர்தான். அப்பால மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு திரியக் கூடாது, சொல்ட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் கொடுத்த பணத்தோடு நானும் அன்னபுஷ்பமும் பஸ் பிடித்து மெட்ராசுக்குப் போனோம். அன்னபுஷ்பம் எனக்குப் பக்கத்து மேஜை. மாதா கோயிலில் ஞாயிறு பூசையின்போது வாசகம் வாசிக்கிறவள். அவ்வளவு பக்தியான பெண்ணுக்குப் பிடித்ததெல்லாம் கொலைக் கதைகள். கிளம்பும்போது நான் பட்டுப்புடவை கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ராஜசேகர், "புஸ்தகம் வாங்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு எங்கே புரியப்போகிறது. நாளைக்கு வீட்டில் வந்து இருக்கப்போகிறதை முகம் பார்க்காமல் கூட்டி வர முடியுமா?

பாண்டி பஜாரில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தோம். ஒரு கோடு போடாத, ஒரு மூலை மடங்காத புத்தகங்கள். எடுத்துப் பார்த்தால் யாரும் திட்டவில்லை. நான் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் ஒரு முறை உண்டு. முதல் பக்கத்தை நம்ப மாட்டேன். முதல் பக்கத்தில் எல்லாரும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். நடுவில் பிரித்து ஒரு பக்கம் படிப்பேன். கால் வலி மறந்துபோனால் அந்தப் புத்தகம் சரி. அன்னபுஷ்பம் நேர்மாறு. கொலைக் கதையைத் தவிர எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். படித்ததோடு நிற்காமல் அடுத்தவரிடம் சொல்லியும் விடுவாள். அவளால் முடிவு தெரிந்துபோய் நான் படிக்காமல் விட்ட நாவல்கள் எத்தனையோ.

"கடைசில அழ வுட்டானா சிரிக்க வுட்டானான்னு தெரியாம எப்டி லீலா வூட்டுக்கு எடுத்துகினு போறது?" என்பாள்.

ஒவ்வொருவர் முகத்தையும் மனதில் வைத்துக்கொண்டு தேடினோம். காதல் தோற்றால்தான் கதை என்று சொல்லும் கலைமணிக்கு அழ வைக்கிற ஒன்று. அன்னபுஷ்பத்துக்கு மூன்று பிணம் விழுகிற ஒன்று. எனக்கு ஒன்றை எடுத்து, திரும்ப வைத்து, இன்னொன்றை எடுத்து, முதலில் எடுத்ததற்கே திரும்பி வந்தேன். கோவிந்தம்மாக்காவுக்குத்தான் நேரம் பிடித்தது. கடைக்காரர் விளக்கைப் போட்ட பிறகுதான் அந்த நாவல் கையில் அகப்பட்டது. பாகப் பிரிவினையான அண்ணன் தம்பி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு, அந்தச் சண்டைக்கு நடுவில் வந்து சேர்கிற மரகதம் என்ற புது மருமகள். நடுப்பக்கத்தில் நின்றபடியே நான்கு பக்கம் ஓடிவிட்டது. குழாயடி நீதிபதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்னபுஷ்பம் என் கையிலிருந்து பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கு" என்றாள்.

பூஜை அன்று மெஷின்களை எல்லாம் துடைத்து, பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வருஷா வருஷம் பூஜை செய்வது பிரஸ் ஓட்டுகிற தாண்டவராயன் அண்ணன்தான். என் கையில் புத்தகக் கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"குடும்மா இப்டி. சரஸ்வதி பூஜைன்னு சொல்லிகினு வருஷா வருஷம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை வெச்சுப் படைக்கறோம். இந்த வருஷம்தான் நெசமா புக்கு வந்துகீது."

வாங்கிப் போய்ப் பெரிய பிரஸ்ஸுக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூவும் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கற்பூரம் காட்டி முடிந்ததும்தான் விஷயம் உறைத்தது. சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை படிக்கக் கூடாது. சின்ன வயதில் இந்த விதி எவ்வளவு இனித்தது! கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுபோய்ச் சாமியிடம் கொடுப்போம்.

"அண்ணே, இதை இன்னிக்கே எல்லாருக்கும் கொடுக்கணுமே."

"தாராளமா குடு. வாங்கிக்கலாம், வெச்சிக்கலாம். பிரிச்சுப் படிக்கத்தான் கூடாது."

மற்ற செக்‌ஷன்காரர்கள் கேரியரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் செக்‌ஷன் சந்தனப் பொட்டு வைத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோவிந்தம்மாக்கா தன் புத்தகத்தை மேலும் கீழும் திருப்பினாள். விளிம்பைத் தடவினாள். வாஷரை ரிஜெக்ட் பெட்டியில் போடுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அதே பார்வை.

"உள்ள இன்னா கீதுன்னே பாக்காம நான் எப்டி சரின்றது? நாளைக்குப் பாத்துட்டுப் புடிக்கலன்னா கேரியர் குடுப்பாங்களா?"

"சாயங்காலம் வண்டி கிளம்பற வரைக்கும்தான்க்கா."

"அப்ப கேரியர்தான்."

என் சம்பளத்தில் புத்தகத்துக்கு என்றைக்கும் இடம் வரப்போவதில்லை. வருஷத்துக்கு ஒன்று, நானே தேடி எடுத்தது, என் பெயரை நானே எழுதிக்கொள்ள ஒன்று. அது முதல் வருஷத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது. அவசரத்தில் கதையை நானே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு ஊரில் ஒரு கிணறு, அண்ணன் தம்பி சண்டை என்று இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அக்கா கொட்டாவி விட்டாள். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சுண்டல் தின்றுகொண்டிருந்த அன்னபுஷ்பம் நிமிர்ந்தாள்.

"எனக்கு அந்த ரூல் கிடையாதே. நான் படிக்கலாம்ல?"

எல்லாரும் தாண்டவராயன் அண்ணனைப் பார்த்தோம். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"படிக்கக் கூடாதுன்னுதான் பெரியவங்க சொல்லிகிறாங்க. காதால கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. படி."

அன்னபுஷ்பம் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றபடி படித்தாள். பழக்க தோஷம், கோயில் வாசகக் குரல். "மரகதம் வண்டியிலிருந்து இறங்கினாள்" என்பது பவுலடியார் நிருபம் மாதிரி ஒலித்தது.

"இன்னாடி இது, எழுந்து நிக்கணும் போல கீது. ஒக்காந்து, மனுஷங்க பேசற மாதிரி படி," என்றாள் கோவிந்தம்மாக்கா.

உட்கார்ந்தாள். மாமியாருக்கு ஒரு குரல், பெரிய மாமியாருக்கு ஒரு குரல் என்று சூடு பிடித்துக்கொண்டது. அண்ணன் வீட்டுக்கு ஒரு கயிறு, தம்பி வீட்டுக்கு ஒரு கயிறு. ஒருவர் கயிற்றை மற்றவர் தொட்டால் வெட்டுக்குத்து. ஒரு பக்கம் முடிவதற்குள் அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

"மொதல்ல அந்தப் பெரியவன் மேலதான் தப்பு. கிணத்தைப் பிரிக்காம நெலத்தை மட்டும் எவனாவது பிரிப்பானா?"

"தம்பி மட்டும் யோக்கியமா?" என்று கலைமணி பாய்ந்தாள்.

கேரியர் வாங்கினவர்களும் ஒவ்வொருவராகப் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிரஸ் செக்‌ஷன் அண்ணன் கட்சி, வெல்டிங் செக்‌ஷன் தம்பி கட்சி. புருஷன்காரன் வாயில்லாப் பூச்சியாக இருப்பது சரியா என்று ஒரு சண்டை. தாண்டவராயன் அண்ணன் பொரி பொட்டலம் கட்டுகிற சாக்கில் அங்கேயே நின்றார். அன்னபுஷ்பத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஆள், மின்விசிறியைத் திருப்பி வைக்க ஆள். புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் அன்னபுஷ்பமும் மட்டும் குசுகுசுவென்று பேசிய அந்தக் கேன்டீன்தானா இது என்றிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கேரியரை மறந்தே போனேன்.

மரகதம் விடியற்காலையில் குடத்தோடு கிணற்றடிக்கு வந்துவிட்டாள். இந்தப் பக்கம் ஒரு கயிறு, அந்தப் பக்கம் ஒரு கயிறு. எதைத் தொட்டாலும் ஆயுசுக்கும் அந்தக் கட்சி. இரண்டு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஆள் நின்று பார்க்கிறது. அந்த நேரம் பார்த்து வெளியே டிரைவர் பலராமன் ஹாரன் அடித்தார்.

எல்லாரும் உச்சுக் கொட்டிக்கொண்டு எழுந்தார்கள். கோவிந்தம்மாக்காவும் எழுந்து, அன்னபுஷ்பத்தின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீதான் எந்த புக்கையும் கடைசியிலேர்ந்து படிக்கறவளாச்சே. முடிவை ரெண்டு வார்த்தையில சொல்லிடு. நான் கேரியரை வாங்கிகினு வண்டி ஏறிடறேன்."

நான் அன்னபுஷ்பத்தைப் பார்த்தேன். முடிவு அவள் நுனி நாக்கில் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்த முடிவைச் சொல்லாமல் விட்ட சரித்திரமே அவளுக்குக் கிடையாது. எச்சில் விழுங்கினாள்.

"தெரியாதுக்கா. இந்த ஒரு புக்கை மட்டும் பாக்கல."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புத்தகத்தோடு ஆபீஸ் ரூமை நோக்கி நடந்தாள். அன்னபுஷ்பம் என் காதருகே வந்தாள்.

"பொய் சொல்லிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிக்கறேன். உன்னாலதான்னும் சொல்லிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நிறைந்துவிட்டது. பலராமன் இன்னொரு ஹாரன் அடித்தார். அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. மகளுக்குக் கேரியர் வேண்டும் என்பதில் என்ன தப்பு? என் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலும் கடைசியுமாக இது ஒன்றாவது கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

அக்கா வந்தாள். படியேறி, நேராக என் சீட்டுக்கு வந்து நின்றாள். கையில் கேரியர் இல்லை. முந்தானைக்குள் புத்தகம் இருந்தது.

"அக்கா, கேரியர்?"

"குடுக்கத்தான் வந்தாரு மேனேஜரு. புக்கை வாங்கி அங்க பீரோல வெச்சுப் பூட்டிடுவாராம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு இருட்டுல குடத்தை வெச்சிகினு கிணத்தாண்ட ஒண்டியா நின்னுகினு கீறா. அவளை அங்கயே வுட்டுட்டு நான் எப்டிடி வூட்டுக்குப் போறது?"

மடியில் இறுக்கிப் பிடித்திருந்த புத்தகத்தைத் தளர விட்டேன்.

"அப்ப மாப்பிள்ளைக்கு?"

"அவன் இன்னா கலெக்டரா? வூட்ல போன வருஷத்துத் தூக்கு கீது, எடுத்துகினு போவட்டும். தள்ளி ஒக்காரு." என் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு பின்னால் திரும்பினாள். "அன்னபுஷ்பம், இங்க வா. வடக்குப்பட்டு வர்றதுக்குள்ள அவ எந்தக் கவுத்தைத் தொட்டான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

வண்டி கிளம்பியது. அன்னபுஷ்பம் கம்பியில் சாய்ந்து நின்றபடி பக்கத்தைத் தேடினாள். பேச்சு எல்லாம் அடங்கிவிட்டது. அக்கா என் முழங்கையை இடித்தாள்.

"அடுத்த வருஷம் கடைக்குப் போவும்போது என்னையும் இட்டுகினு போ. நானே பொறுக்கிக்கறேன்."