உம்மு ஷவ்கியின் மோட்டார் ரொட்டி அடுப்பில் வெந்த கதை

1.

எகிப்து தேசம், தும்யாத் பட்டணத்திலிருந்து சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித உழைப்பின் மகத்துவம் குறித்த மாபெரும் படைப்பு இங்கே ஆரம்பமாகிறது. உண்மையில் அது ஆரம்பித்தது ஒரு நாற்றத்தில். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் மோட்டார் கருகியது. ஜன்னலைச் சாத்தப் போனவன் எட்டிப் பார்த்தேன்.

2.

'கருகிய செம்பின் ஆன்மா அந்த அந்திப்பொழுதில்...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். அது மதியம்.)

பட்டறைக்காரி உம்மு ஷவ்கி இழைப்பு மெஷினைத் திறந்து பார்த்தாள். மகன் ஷவ்கி தன் கல்யாண சீரியல் விளக்குகளுக்கு மெஷின் லைனிலேயே கொக்கி போட்டிருந்தான். மூன்று பேஸில் ஒன்றின் பியூஸ் போய், மீதி இரண்டில் முக்கி முக்கி ஓடிய மோட்டார் வெந்துவிட்டது. மெஷினில் கிடந்ததோ அவனுடைய கல்யாணக் கட்டிலுக்கான மரம். வியாழக்கிழமை கல்யாணம்.

(எந்தத் தச்சன் மகனாவது இப்படிச் செய்வானா என்று சந்தேகப்பட்டு, பழியை ஒரு திருடன்மேல் போட்டுப் பார்த்தேன். திருடனுக்கு அவ்வளவு முட்டாள்தனம் பொருந்தவில்லை.)

3.

எதிர்க் கட்டில்கடை முதலாளி மித்வல்லி தொண்டையைக் கனைத்தார்.

"உம்மு ஷவ்கி, அனுபவத்துல சொல்றேன். காலத்தோட ஓடணும். கடையில கட்டில் ரெடியா இருக்கு, எடுத்துக்க."

"தச்சன் வீட்டு மருமக கடைக் கட்டில்லயா படுப்பா? எம் புருஷன் கபுருலேர்ந்து எழுந்து வந்து கேப்பாரு."

"அப்ப புது மோட்டாராவது வாங்கு!"

"அதோட காலு இந்தப் பழைய மெஷின் ஓட்டையில உக்காராது. இதையே நான் திருப்பிக் கட்டுறேன். ஏய் கல்யாண மாப்பிள்ளை, லைட்டைக் கழட்டிட்டு வந்து கம்பியைப் புடிடா!"

கருகிய காயிலைப் பிடுங்கி, அது கிடந்த பள்ளங்களில் புதுக் காகிதம் செருகி, கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றினாள். அதை இறுக்கிக் காயவைக்கச் சூடு வேண்டுமே? பெருநாள் பலகாரத்தைக் கொண்டுபோவதுபோல் மோட்டாரைத் தட்டில் வைத்து ரொட்டிக்கடைக்குத் தூக்கிப் போனாள்.

"என்னம்மா பலகாரம் இது?" என்றான் ரொட்டிக்காரன் ஜாபிர்.

"கல்யாணப் பலகாரம். ஆறுற சூட்டுல வை. கருக்குன, தொலைஞ்ச!"

"நாளைக்கு ரொட்டியெல்லாம் வார்னிஷ் நாத்தம் அடிக்குமே!"

"பளபளன்னு இருக்கும், வித்துடு."

4.

முடிவுகள் கைவசம் சில உண்டு. மோட்டார் மறுபடி கருகுகிறது (இலக்கியப் பரிசுக்கு). ஊரே கைதட்டுகிறது (பாடப்புத்தகத்துக்கு). நடந்தது வேறு: மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. மித்வல்லி சிரித்து முடிப்பதற்குள் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டாள். ஓடியது. கட்டிலும் முடிந்தது.

அவள் மானம் காப்பாற்றப்பட்டதா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். ஊர் வழக்கப்படி கட்டிலை மணமக்கள் வீட்டுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகத் தெருவில் கிடைத்த ஒரே லாரி மித்வல்லியுடையது. அதன் இருபுறமும் அவர் கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் அதைக் கடையில் வாங்கிய கட்டில் என்றே நினைத்தார்கள்.